அரைப்பேர்

கடைசியில் அண்ணனின் கோப்பையைச்
சுரண்டித்தான் பார்த்தேன்.
அடிப்பக்கம், அவன் கண்ணில் படாத இடத்தில்,
பிளேடால் இரண்டு கிராம்.

அட்டன் பஸ் ஸ்டாண்டில்
மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கியது.
"அசல் கோதல ஹிம்புட்டு, தங்கச்சி.
ராவைக்குத் தண்ணி ஊத்தி வச்சா
விடிய செம்பட்டையாகிரும்.
வெறும் வயித்துல குடி, சீனி எறங்கிரும்."

பொய் இல்லை.
என் சம்பளமே அந்தக் கொடியை நம்பித்தான்.
பேராதனையில், மூன்றாம் மாடியில்
ஆறு வருடமாய் அதன் வேரை
ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து
விரல் நுனியெல்லாம் பழுப்பு.

அதற்குள் ஒரு மூலக்கூறு.
முகம் சீனி மாதிரி, ஆனால் சீனி இல்லை.
நெஞ்சில் ஒரு கந்தகம், வாலில் ஒரு கந்தகம்.
குடலில் மாவை நறுக்குகிற நொதியிடம் போய்
சீனி இருக்கவேண்டிய இடத்தில்
ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
நொதி நறுக்கப் பார்க்கும். நறுக்க வராது.
அன்றைக்கு அதற்கு அரைப்பேர்.

பேராசிரியர் "போட்டித் தடுப்பு" என்றார்.
எனக்கு இப்படித்தான் விளங்கியது:
பதினெட்டுக்கு இரண்டு கிலோ குறைவாய்
அம்மா தராசடியில் நின்ற மாலைகள்.
நாள் முழுக்க மலையில்தான் நின்றாள்.
செக்ரோலில் பாதிதான் ஏறும்.

கோப்பையின் சாறு கருவிக்குள்
நாற்பது நிமிடம் ஓடியது.
பதினோராம் நிமிடத்தில்
எழும்பவேண்டிய சிகரம் எழும்பவில்லை.
சிவனொளிபாத மலையை
ராவோடு ராவாக யாரோ
வழித்துக்கொண்டு போனது மாதிரி
ஒரு வெறும் கோடு.
கழுவி, மறுபடி ஏற்றினேன்.
வெறும் கோடு.

ஏதோ பலகை.
சாயம் விடுகிற ஏதோ ஒரு பலகை.

சனிக்கிழமை, பொகவந்தலாவ பஸ்.
நோர்வூட் தாண்டியதும் மழை.
ஷட்டர் இறங்காத ஜன்னலோரம்
என்ன சொல்வதென்று யோசித்தபடி நனைந்தேன்.

ஸ்டோரில் ரோலர் பக்கம் நிற்கிறவன்.
பூட்ஸ் கடித்த பெருவிரல் மூன்று வாரமாய் ஆறவில்லை.
சீனி முந்நூற்றுப் பன்னிரண்டு.
டிக்கோயா கிளினிக்கில் கொடுத்த குளிசை
உறை பிரியாமல் அலுமாரித் தட்டில்.
"அதெல்லாம் கெமிக்கல். இது இயற்கை."

அண்ணா, அந்தக் குளிசைக்கும்
பூர்வீகம் ஒரு செடிதான்.
எங்கோ குளிர்நாட்டு வயலோரம்
ஊதாப் பூ பூக்கிற களை.
விஷம் கழித்து, உருமாற்றி,
கப்பலேறி இந்த மலைக்கு வந்து சேர்ந்தது.
நாம் மட்டும் எப்படி வந்தோம்?

இதை நான் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
"இந்தக் கோப்பையில ஒண்ணுமில்ல."

பாலகுரு அண்ணன் கோப்பையைக் கையிலெடுத்து
அடியைத் திருப்பிப் பார்த்தான்.
சுரண்டிய இடத்தைப் பெருவிரலால் தடவினான்.
"நீயும் நிறுத்துப் பாத்துட்ட."

மழை தகரத்தில் கொட்டியது.
அண்ணி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.
பிறகு, வெகுநேரம் கழித்து:
"அப்ப அசல் எங்க கெடைக்கும்?"

வேர் எடுக்கப் போன காட்டுச் சரிவு ஞாபகம் வந்தது.
கோப்பை கடையுமளவு பருத்த கொடி
அங்கே மூன்றுதான் மிச்சம்.
மற்றதெல்லாம் வெட்டிய அடிக்கட்டை.
அசலே கிடைத்தாலும்
குளிசையை விடு என்று நான் சொல்லமாட்டேன்.
ஆறு வருடத்தில் எனக்குத் தெரிந்தது
எலிக்கு என்ன நடக்கும் என்பது.
உனக்கு என்ன நடக்கும் என்பது
இன்னும் பாதிதான் தெரியும்.

"மொதல்ல சாப்பிடு" என்றேன்.
உறையைக் கிழித்தேன்.
ஒரு குளிசையை முழுங்கினான், முகம் பார்க்காமல்.

கோப்பையை எடுத்து
வாசலுக்கு வெளியே, பீலிக்குப் பக்கத்தில்
வைத்துவிட்டு வந்தான். எறியவில்லை.

ராத்திரி முழுக்க அதற்குள் மழை பெய்தது.
விடிய எழும்பிப் போய்ப் பார்த்தேன்:
செம்பட்டை.